பைக் எஞ்சின் கார்: மைலேஜும் தொலைதூரப் பயணமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் பர்மிங்காம் பக்கம் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அங்கே ஒரு கிட் காரை வாங்கி, என் கையாலேயே கட்டி, சுசுகி ஹயபுசா பைக்கின் எஞ்சினை அதில் வைத்து ஏழு வருடம் ஓட்டினேன். இப்போது கோவை கணபதியில் ஒரு சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். செட்டிபாளையத்தில் உள்ள காரி ரேஸ் ட்ராக்குக்குக் கார் கட்டிக்கொண்டு வரும் கல்லூரிப் பிள்ளைகள் வந்து கேட்பார்கள். இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர்கள் போனில் கூப்பிட்டுக் கேட்பார்கள். எல்லோருக்கும் சந்தேகம் ஒன்றேதான்: எவ்வளவு பெட்ரோல் குடிக்கும், எவ்வளவு தூரம் உட்கார்ந்து போகலாம். பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

"கிட் கார்னா என்னங்ணா? அதுல எதுக்கு பைக் எஞ்சின் வெக்கறாங்க?"

சேஸிஸ், பாடி, சஸ்பென்ஷன் எல்லாம் பெட்டி பெட்டியாக வரும். நாமே கோத்துக்கொள்ள வேண்டும். 1957-ல் வந்த லோட்டஸ் செவன்தான் இந்த வகைக்கு மூத்த பிள்ளை. முழுக் காராக வாங்கினால் வரி, பாகங்களாக வாங்கினால் வரி இல்லை என்று அன்றைக்கு பிரிட்டனில் ஒரு கணக்கு இருந்தது. அதனால் வீட்டுக் கொட்டகையில் கார் கட்டும் பழக்கம் அங்கே வேர்விட்டது. 1973-ல் அந்த செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டரம் கைக்குப் போனது. அதே அச்சில் இன்றைக்கும் பலர் செய்கிறார்கள். என்னுடையதும் அந்த வகைதான்.

பைக் எஞ்சின் வைப்பதற்குக் காரணம் எடை. 1999-ல் வந்த ஹயபுசா எஞ்சின் 1,299 சிசி, 170 குதிரைத்திறனுக்கு மேல். கியர்பாக்ஸும் கிளட்சும் அதே கூட்டுக்குள் அடக்கம். கார் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துத் தூக்கச் செயின் பிளாக் வேண்டும். இதை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வைத்துவிடலாம். காரின் மொத்த எடை 500, 550 கிலோவில் நின்றுவிடும்.

"நம்மூர்ல கட்டி ரோட்ல ஓட்டலாமுங்களா?"

முடியாது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. இங்கே ஒரு வண்டிக்கு ஆர்சி வேண்டுமென்றால் அந்த மாடலே மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதிப்படி புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஒற்றைக் காரைக் கட்டுகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. பழைய மாருதி ஆர்சியை வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றலாமே என்று கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மீறி மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பிரிட்டனில் ஒற்றை வண்டிக்கென்றே ஒப்புதல் சோதனை உண்டு. கண்ணாடி, பெல்ட், புகை, சத்தம் எல்லாம் பார்த்துச் சான்று தருவார்கள், அப்புறம் நம்பர் கிடைக்கும். என் கார் அப்படித்தான் ரோட்டுக்கு வந்தது. ஆகவே கீழே தொலைதூரப் பயணம் என்று நான் சொல்வதெல்லாம் அங்கே ஓட்டிய அனுபவம். இங்கே நமக்கு ட்ராக் உண்டு, சொந்தத் தோட்டம் உண்டு. ட்ராக்குக்கு ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க, லிட்டருக்கு எத்தனை குடுக்கும்?"

பெட்ரோல் போட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மோட்டார்வேயில் மணிக்கு 112 கிலோமீட்டர், அதாவது அங்கே சட்டப்படி உச்ச வேகமான 70 மைலில் போனால் 10.5 கிடைத்தது. கிராமத்து ரோட்டில் 80-லேயே போனால் 13. ஊருக்குள் 8, 9. ட்ராக் நாளில் 3, சில நாள் 4.

இந்த எண்களில் நான் அதிகம் நம்புவது முதல் இரண்டைத்தான். ட்ராக் கணக்கு ஓட்டுகிறவரின் காலைப் பொறுத்தது. ஊருக்குள் கிடைப்பது சிக்னலைப் பொறுத்தது.

"இங்கிலாந்துல இருக்கற என் மச்சான் 35 மைலேஜ்ங்கறான். நீங்க 10ங்கறீங்க. யாரு சொல்றது நெசம்?"

இரண்டும் நெசந்தான். அவர் சொல்வது ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்று. பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். 35 என்றால் லிட்டருக்கு 12.4 கிலோமீட்டர். அமெரிக்கக் கேலன் சின்னது, 3.785 லிட்டர், அந்த 35 கிட்டத்தட்ட 15 ஆகும். யாராவது எண் சொன்னால் எந்த ஊர்க் கேலன் என்று முதலில் கேளுங்கள்.

"அதே எஞ்சின் பைக்ல 16 குடுக்குதுங்களே. கார்ல வெச்சா ஏன் 10-க்கு எறங்குது?"

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். எடையும் காற்றும் கூடுவது ஒரு காரணம், அதை அடுத்த பதிலில் பார்ப்போம். நாமே நம் கையால் செய்துகொள்ளும் காரணம் இன்னொன்று உண்டு. அது கியர் கணக்கு.

ஹயபுசாவில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே 1.596 மடங்கு குறைப்பு. ஆறாவது கியர் 1.043. பின் ஸ்ப்ராக்கெட் 40 பல், முன் ஸ்ப்ராக்கெட் 17, அது 2.353. பின் டயர் ஒரு சுற்று உருண்டால் 1.95 மீட்டர். எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால் 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சுமார் 3,350 ஆர்.பி.எம்.-மில் ஓடும். இப்போது அதைக் காரில் வையுங்கள். செயினுக்குப் பதில் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் என்ற நீளச் சுழல்தண்டு, பின்னால் பழைய ஃபோர்டு சியரா காரின் டிஃபரன்ஷியல், அதாவது சுற்றைக் குறைத்துப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. என்னுடையதில் முதலில் இருந்த விகிதம் 3.92. டயரோ 13 அங்குலம், 185/60. ஒரு சுற்றுக்கு 1.73 மீட்டர்தான். அதே 100-க்கு எஞ்சின் 6,270-ல் கத்தும். 112-ல் 7,000.

அந்த வேகத்தில் போக 20 கிலோவாட் அளவுக்குத்தான் தேவை. அதற்கு எஞ்சின் 7,000 சுற்று சுற்ற வேண்டியதே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் உரசல், ஆயில் பம்ப், பாதி மூடிய த்ராட்டிலை எதிர்த்துக் காற்றை இழுக்கும் பாடு, எல்லாவற்றுக்கும் பெட்ரோல் போகிறது. காது வலிப்பதும் இதே சுற்றால்தான், உடம்பு அதிர்வதும் இதனால்தான். மைலேஜையும் சொகுசையும் இரண்டு தனிப் பிரச்சினையாக எல்லோரும் கேட்கிறார்கள். ஏழு வருடம் ஓட்டியதில் எனக்குத் தெரிந்தது, இரண்டுக்கும் சாவி அந்த டிஃபரன்ஷியலுக்குள்ளேயே இருக்கிறது.

"550 கிலோதானுங்களே? ஆல்டோவே 700 கிலோ வருது. அப்ப மைலேஜ் அள்ளிக் குடுக்க வேண்டாமா?"

ஊருக்குள் நின்று நின்று போகும்போது எடை குறைந்தது உதவும். ஹைவேயில் வண்டியோடு மல்லுக்கட்டுவது காற்று. செவன் மாதிரிக் கார் பார்க்கக் குட்டியாக இருந்தாலும் காற்றுக்கு அது கதவு திறந்த அலமாரி. சக்கரங்கள் வெளியே, விளக்குகள் வெளியே, கண்ணாடி செங்குத்தாக, ஆள் தலை மேலே. காற்றுத் தடைக் குணகம் 0.65 பக்கம் வரும். சாதாரண ஹேட்ச்பேக்குக்கு 0.33 போல.

முகப்புப் பரப்பையும் சேர்த்துப் போட்ட என் கணக்கு இது: 100 கிலோமீட்டரில் காற்றைத் தள்ள மட்டும் செவனுக்கு 11 முதல் 12 கிலோவாட், ஹேட்ச்பேக்குக்கு 9. டயர் உருளுவதற்கு செவனுக்கு 2-க்கும் குறைவு, ஆயிரம் கிலோ ஹேட்ச்பேக்குக்கு 3-க்கு மேல். கூட்டினால் பாதி எடையுள்ள செவன்தான் கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறது. காற்றுக்கான சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறுவதால், 100-லிருந்து 80-க்கு இறங்கினாலே அது பாதியாகிவிடும். நோட்டில் 13 வந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆடி மாதத்தில் பல்லடம், உடுமலைப் பக்கம் பைக்கில் போனவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று எதிரே வரும்போது அதே ரோட்டில் அதே வேகத்துக்கு எவ்வளவு அதிகம் முறுக்க வேண்டியிருக்கிறது! திறந்த காருக்கு வருடம் முழுக்க ஆடி மாதம்தான்.

"அப்ப கிரவுன் பினியனை மாத்துனா சரியாயிருமா?"

பெரும்பகுதி சரியாகும். டிஃபரன்ஷியலின் விகிதத்தை முடிவு செய்யும் பல்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன். நான் 3.92-ஐக் கழற்றிவிட்டு 3.38 போட்டேன். 100-ல் 6,270 இருந்தது 5,400 ஆனது. மோட்டார்வே மைலேஜ் 9.5-லிருந்து 10.5-க்கு வந்தது. எண் சின்னதாகத் தெரியலாம். ஆனால் அன்றைக்கு ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இறங்கியபோது தலை கனக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய லாபம்.

சியராவுக்கு 3.14 கூட உண்டு. அதைப் போட்டால் 5,000-க்கு வரும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. காரணம் முதல் கியர். பைக்கின் முதல் கியரே நீளம். அதை இன்னும் நீட்டினால் நிற்கும் காரை நகர்த்தக் கிளட்ச் ரொம்ப நேரம் வழுக்க வேண்டும். 250 கிலோ பைக்குக்கு என்று செய்த கிளட்ச் அது. மேட்டு ரோட்டில் நின்று கிளம்பினால் பிளேட் கருகும் வாசனை வரும். கனமான கிளட்ச் ஸ்ப்ரிங் போடுவது நல்லதுதான், ஆனால் அதை நம்பி விகிதத்தை நீட்டிக்கொண்டே போக முடியாது.

"செயின்லயே பின் ஆக்ஸிலை ஓட்டுனா?"

எஞ்சின் பின்னால் இருந்தால் அது நல்ல வழி. ஸ்ப்ராக்கெட்டை மாற்றி விகிதத்தை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். ஆனால் நீண்ட பயணத்தில் செயின் நீளும், சூடாகும், மழை மண் அரைக்கும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை தளர்வைப் பார்க்கப் பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

"ரிவர்ஸ் இல்லாத வண்டியில டூர் எப்படிங்க போறது?"

பைக் கியர்பாக்ஸில் ரிவர்ஸ் கிடையாது. ப்ரொபெல்லர் ஷாஃப்ட் நடுவே வைக்கத் தனி ரிவர்ஸ் பாக்ஸ் வருகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பல்சக்கரத்தில் கடிக்கவிட்டுப் பின்னால் நகர்த்துகிறவர்களும் உண்டு. அதுவும் இல்லாவிட்டால் இறங்கித் தள்ள வேண்டும். 550 கிலோவைச் சமதரையில் ஓர் ஆள் தள்ளிவிடலாம். சரிவில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்திவிட்டால் முடிந்தது. எனக்கு எங்கே நிறுத்தினாலும் முன்னால் வெளியேறும் வழி இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

"ஒரு டேங்க் போட்டா எவ்வளவு தூரம்?"

என் டேங்க் 32 லிட்டர். கணக்குப்படி 330 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். ஆனால் கடைசி ஐந்து லிட்டரை நான் தொட்டதில்லை. பைக்கில் டேங்க் எஞ்சினுக்கு மேலே இருக்கிறது, வண்டி சாய்ந்துதான் திரும்புகிறது, பெட்ரோல் அடியிலேயே கிடக்கும். காரில் டேங்க் பின்னால், அகலமாக. நீண்ட வளைவில் பெட்ரோல் ஓரமாக ஒதுங்கிவிடும், பம்ப் காற்றைக் குடிக்கும். நடுவே ஒரு லிட்டர் கொள்ளும் சின்னக் குடுவை வைத்து, அதிலிருந்து பெரிய பம்பை இழுக்கவிட்டால் இந்தத் தொல்லை அடங்கும். ஆக, நடைமுறையில் 270, 280 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். அதற்குள் முதுகே நிறுத்தச் சொல்லிவிடும்.

"20 பர்சென்ட் எத்தனால் பெட்ரோல் போட்டா மைலேஜ் குறையுமா? எஞ்சின் கெடுமா?"

எத்தனாலில் ஒரு லிட்டருக்கான சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் ஆறேழு சதவீதம் சக்தி குறையும். 10.5 என்பது 9.8 ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சின் வாங்கியவர்கள் ரப்பர் ஹோஸ், ஓ-ரிங் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். ட்ராக் வண்டி மாதக்கணக்கில் நிற்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே டேங்க்கை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

"அண்ணா, சத்தத்துக்கு என்ன பண்றது? சைலன்சரை மாத்தலாமா?"

முதலில் கியர் பற்றிய பதிலைத் திரும்பப் படியுங்கள். சுற்று இறங்காமல் சத்தம் இறங்காது. அதற்கு அப்புறம்தான் சைலன்சர். செவனில் அது ஓட்டுகிறவரின் பக்கவாட்டில், காதுக்கு ஒரு கை தூரத்தில் முடிகிறது. வாயைப் பின் சக்கரத்துக்குப் பின்னால்வரை நீட்டி வைத்தாலே பெரிய வித்தியாசம்.

காதில் அடைப்பான் கட்டாயம். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது தொழிற்சாலைக் கணக்கு. 94-ல் ஒரு மணி நேரம். 97-ல் அரை மணி. திறந்த காரில் காற்றும் எஞ்சினும் சேர்ந்து இதை எளிதாகத் தாண்டும். ஒருமுறை பர்மிங்காமிலிருந்து ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் வரை, 640 கிலோமீட்டர், அடைப்பான் போடாமல் போனேன். அப்போது 3.92 விகிதம்தான். இரண்டு நாள் காதுக்குள் 'ஙொய்ங்' என்று இரைச்சல். மனைவி போனில் பேசியது பாதி விளங்கவில்லை. பிள்ளைகளா, காது போனால் திரும்பி வராது. பத்து ரூபாய் நுரை அடைப்பான் போதும், போட்டுக்கொள்ளுங்கள்.

"வெயில் காலத்துல கால் வேகுதுங்க. என்ன செய்யலாம்?"

எஞ்சின் முன்னால், கால் அதை ஒட்டி, நடுவே ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. பிரிட்டன் குளிரில் அது சுகமாக இருந்தது. சித்திரை மாதத்தில் காரி ட்ராக்கில் ஒரு பையன் ஷூ அடிப்பாகம் இளகி இறங்கி வந்ததைப் பார்த்தேன்.

தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு இன்னொரு தகடு அடியுங்கள். நடுவில் காற்று ஓட வேண்டும். அதுதான் வேலை செய்யும். வெறும் கண்ணாடி இழையைச் சுற்றி ஒட்டினால் ஆயில் ஊறித் தீப்பிடிக்கும் ஆபத்து. ரேடியேட்டருக்குப் பின்னால் வரும் சூடான காற்று வெளியேற பானட்டில் வழி வெட்டுங்கள். உள்ளே வர வழி செய்துவிட்டு, வெளியே போக வழி விடாத கார்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல உக்கார முடியல. நல்ல சீட் எங்க கெடைக்கும்?"

வாங்குவதைவிட வார்ப்பது நல்லது. இரண்டு திரவம் கலந்தால் பொங்கும் பாலியூரித்தேன் நுரை கிடைக்கிறது. சீட் இருக்கும் இடத்தில் கனமான பெரிய பாலிதீன் பையை விரித்து, அதற்குள் கலவையை ஊற்றி, பை வாயைக் கட்டி, அதன் மேல் ஓட்டும் நிலையிலேயே உட்கார வேண்டும். கை ஸ்டீயரிங்கில், கால் பெடலில். நுரை மெல்ல மேலேறி இடுப்பின் இரண்டு பக்கமும் வந்து முட்டும். முதுகில் இளஞ்சூடு தெரியும். அப்போது அசையக் கூடாது. பத்து நிமிடத்தில் இறுகிவிடும். எழுந்து பார்த்தால் நம் முதுகெலும்பின் வளைவு அப்படியே பதிந்திருக்கும். முக்கியமாகத் தொடைக்கு அடியில் தாங்கல் கிடைக்கிறதா என்று பாருங்கள். கடையில் வாங்கும் ரேஸ் சீட்டில் தொடை அந்தரத்தில் தொங்கும். மரத்துப்போவது அதனால்தான்.

மேலே போர்த்த கரூருக்குப் போங்கள். பஸ் பாடி கட்டும் ஊர். ராத்திரி முழுக்க ஓடும் பஸ்ஸுக்குச் சீட் தைக்கிறவர்களுக்குத் தெரியாத நுரையும் ரெக்சினும் இல்லை. இரண்டு விரல் தடிமனில் கெட்டி நுரை கேளுங்கள். மெத்து மெத்தென்று இருப்பதை வாங்கினால் ஒரு மணி நேரத்தில் அமுங்கிவிடும்.

"டயர்ல 32 காத்து வெச்சேன். தூக்கித் தூக்கிப் போடுதுங்ணா."

போடத்தான் செய்யும். 32 பி.எஸ்.ஐ. என்பது ஆயிரம் கிலோ காருக்கு. 550 கிலோ காருக்கு 18 முதல் 20 போதும். டயரும் ஒரு ஸ்ப்ரிங் மாதிரிதான். மைலேஜுக்காகக் கொஞ்சம் ஏற்றலாம். நீண்ட பயணத்துக்கு நான் 21 வைப்பேன், அதற்கு மேல் கிடைக்கும் லாபம் முதுகுக்குக் கட்டுப்படியாகாது. ஷாக்கில் திருகு இருந்தால் ட்ராக்குக்கு வைத்த இறுக்கத்தைப் பாதியாகத் தளர்த்துங்கள். திரும்பி வந்து மறுபடி இறுக்க, எத்தனை கிளிக் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏன் கண்ணு, அதுல நானும் உங்க அத்தையும் ஒக்காந்து பழனிக்குப் போயிட்டு வர முடியுமா?"

இது என் மாமா கேட்டது. மாமா, ரோட்டு விஷயத்தை மேலே இரண்டாவது பதிலில் சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கே முடியாது. சட்டம் அனுமதிக்கும் ஊரில் என்றால், நூறு கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். ஆனால் கதவு கிடையாது. காலை உயர்த்தித் தாண்டி உள்ளே இறங்க வேண்டும். சேலை கட்டிக்கொண்டு அத்தைக்கு அது சிரமம். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட எழுவதுதான் கஷ்டம்.

சாமான் வைக்க இரண்டு தோள்பை அளவுக்கு மட்டும் இடம் இருக்கும். மழை வந்தால் துணிக்கூரை உண்டு, ஆனால் அதைப் போட்டால் உள்ளே சத்தம் இரட்டிப்பு. என் மனைவி என்னோடு வந்த மிக நீளமான பயணம் 200 கிலோமீட்டர். முன்கண்ணாடியோடு இரண்டு பக்கமும் காற்றுத் தடுப்புப் போட்ட பின்புதான் அதற்கும் சம்மதித்தாள். அந்தத் தடுப்பால் மைலேஜ் துளி குறைந்திருக்கலாம். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

"ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு மாத்தணும்? கார் ஆயிலே ஊத்தலாமா?"

கார் ஆயில் ஊற்றாதீர்கள். பைக்கில் கிளட்ச் அதே ஆயிலில்தான் மூழ்கி ஓடுகிறது. கார் ஆயிலில் வழுக்கலுக்காகச் சேர்க்கும் மருந்து கிளட்சையும் வழுக்க வைக்கும். ஜாஸோ எம்ஏ என்று போட்டிருக்கும் பைக் ஆயில்தான் வேண்டும்.

மாற்றும் தூரத்துக்கு மேலே போட்ட கியர் கணக்கே உதவும். பைக்கில் 100-க்கு 3,350 சுற்று, என் காரில் 5,400. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1.6 மடங்கு அதிகம் சுற்றுகிறது. பைக்குக்கு 6,000 என்றால் காருக்கு 3,700. நான் 3,500-லேயே மாற்றிவிடுவேன். பழைய எஞ்சின் விலை பேசும்போதும் இதே கணக்குதான்: காரில் 10,000 கிலோமீட்டர் ஓடியது என்றால் பைக்கில் 16,000 ஓடியதற்குச் சமம்.

இன்னொன்று. பெட்ரோல் ஓரமாக ஒதுங்குவதைச் சொன்னேன் அல்லவா, ஆயிலும் அப்படித்தான் ஒதுங்கும். பெட்ரோல் இல்லாவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஆயில் இல்லாவிட்டால் பேரிங் போகும். எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் தடுப்புத் தகடு வெல்டிங் செய்யாமல் ட்ராக்கில் இறக்காதீர்கள்.

"ஃபார்முலா பாரத்துல சிக்கனத்துக்கும் மார்க் உண்டுங்களே. அதுக்கு என்ன வழிங்ணா?"

கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே கட்டிய காரோடு வந்து காரி ட்ராக்கில் மோதும் அந்தப் போட்டியில் எஞ்சின் 710 சிசிக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் வண்டி இழுக்கும் காற்றெல்லாம் 20 மில்லிமீட்டர் ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும். தாங்குதிறன் ஓட்டம் 22 கிலோமீட்டர், நடுவே ஓட்டுநர் மாறுவார். அதில் செலவான பெட்ரோலை வைத்துத்தான் சிக்கனத்துக்கு மதிப்பெண்.

பல அணிகள் கேடிஎம் 390-இன் 373 சிசி எஞ்சினை வைக்கின்றன. இங்கே காற்றைப் பற்றிய என் பதில் அவ்வளவாகப் பொருந்தாது, வேகம் குறைவு. எடை பொருந்தும், ஏனென்றால் பிரேக் பிடித்துப் பிடித்து மறுபடி கிளப்புவதுதான் ஓட்டம் முழுக்க. அப்புறம் பெட்ரோல் மேப், அதாவது எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று எஞ்சினுக்குச் சொல்லும் கணக்கு. அந்த 20 மில்லிமீட்டர் ஓட்டைக்காகக் கலவையில் பெட்ரோலை அதிகமாக வைத்துவிட்டு, பாதி த்ராட்டிலிலும் அதையே விட்டுவிடுகிறார்கள். த்ராட்டிலை விட்டதும் பெட்ரோல் நிற்கிறதா என்று பாருங்கள். பாகங்களை மாற்றுவதைவிட இதில் அதிகம் கிடைக்கும்.

"மறுபடியும் ஒண்ணு கட்டுனா அதே ஹயபுசாதானா?"

இல்லை. நிதானமாக ராயல் என்ஃபீல்டு 650 ட்வின்னைத் தேர்ந்தெடுப்பேன். 47 குதிரைத்திறன், கிட்டத்தட்ட ஆல்டோ 800 அளவு. 100-ல் போக எஞ்சினிடம் 15 கிலோவாட் கேட்டால் அது 35 வரை தரும். 5,000 சுற்றை ஒட்டியே அதன் முழு முறுக்கு விசையும் வந்துவிடுகிறது. அதனால் 100-ல் 4,500-க்குள் நிற்கிற மாதிரி விகிதம் வைத்தாலும் கிளம்பச் சிணுங்காது.

சிக்கல் ஒன்று உண்டு. அதைக் குளிர்விப்பது காற்றும் ஆயிலும். பைக்கில் எஞ்சின் வெளியே நிற்கிறது, காற்று தானாக அடிக்கும். காரின் மூக்குக்குள் பூட்டி வைத்தால் வெந்துவிடும். பின்னால் வைத்து, இரண்டு பக்கமும் காற்றுக் குழாய் விட்டு, ஆயில் கூலரை முன்னால் ஃபேனோடு கொண்டுவந்தால்தான் சரிவரும். பட்டறையில் இப்போது அதற்கான சேஸிஸை, வெல்டிங்குக்குக் குழாய்களை நகராமல் பிடித்து நிறுத்தும் ஜிக்கில் அடுக்கியிருக்கிறேன். ஸ்ப்ராக்கெட் இன்னும் வாங்கவில்லை. போடப்போகும் டயரைக் காற்றடித்து, மேலே ஒரு ஆளின் எடையை ஏற்றி, தரையில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு முழுச் சுற்று உருட்டி அளந்தேன். டயரில் அச்சடித்த அளவை வைத்துப் போட்ட கணக்கு 1.73 மீட்டர். தரையில் வந்தது 1.69.